லாரன்ஸுக்குப் படிக்க வரும் தம்பிக்கு: அந்த ஸ்போர்ட்ஸ் பாஸை வாங்கிவிடுங்கள்

கான்சஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர ஆகஸ்டில் லாரன்ஸ் வருவதாகச் சொல்லி, குளிர் எப்படி, வாடகை எவ்வளவு, கேம்பஸில் வேலை கிடைக்குமா, பிரஷர் குக்கர் கொண்டுவரலாமா என்று வரிசையாகக் கேட்டிருந்தீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: "மாணவர்களுக்கு மேட்ச் பார்க்க ஸ்போர்ட்ஸ் பாஸ் என்று ஒன்று விற்கிறார்களாம், எனக்கு பாஸ்கெட்பாலில் ஆனா ஆவன்னா தெரியாது, அது தண்டச் செலவுதானே அண்ணா?"

குக்கர் கொண்டு வாருங்கள், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக. ஜாக்கெட்டை அங்கே வாங்காதீர்கள், அங்கே விற்பது இந்த ஊர்க் காற்றுக்குத் தாங்காது. வாடகையும் வேலையும் உங்கள் டிபார்ட்மென்ட் சீனியர்களுக்குத்தான் தெரியும், என் காலத்து வாடகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். 2002இல் நானும் அதே கேள்வியை ஒரு சீனியரிடம் கேட்டேன். "காசைக் கரியாக்காதே, அந்தக் காசுக்கு மளிகை வாங்கிப் போடு" என்றார். ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று இமெயிலில் மூன்று தடவை சொல்லிவிட்டுக் கடைசியில் வராமல் விட்டவரும் அவரேதான். கான்சஸ் சிட்டி விமான நிலையத்திலிருந்து லாரன்ஸுக்கு ஒரு மணி நேரம் போகவேண்டும். இரண்டு பெட்டி, ஒரு ஊறுகாய் பாட்டில், கையில் போன் கிடையாது. டாக்ஸிக்குக் கொடுத்த பணத்தை அந்த செமஸ்டர் முழுக்க ரூபாயாக மாற்றி மாற்றிக் கணக்குப் பார்த்து வயிறெரிந்தேன். டாக்ஸிக்காரர் வழி நெடுக என்னவோ ஆர்வமாகப் பேசிக்கொண்டே வந்தார். ஹின்ரிச், காலிசன் என்று இரண்டு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, யாரோ அமைச்சர்கள் போல என்று நினைத்துத் தலையாட்டினேன்.

இரண்டு பேரும் அந்த வருஷத்து கேயூ, அதாவது நம் பல்கலைக்கழக, கூடைப்பந்து அணியின் சீனியர் ஆட்டக்காரர்கள். ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அவர்களைத் தெரியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

லாரன்ஸ் ஒரு லட்சத்துக்கும் குறைவான ஜனம் உள்ள ஊர். நடுவில் மவுண்ட் ஓரியட் என்கிற குன்று, அதன்மேல் பல்கலைக்கழகம், தெற்கே இறங்கினால் சுண்ணாம்புக்கல் சுவர் வைத்த ஒரு பெரிய கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர் அரசாங்க நெல் குடோன் மாதிரிதான் இருக்கும். அதுதான் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ். 1955 மார்ச் 1ஆம் தேதி திறந்தது, பதினைந்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். உட்காரலாம் என்று கணக்குக்குச் சொல்கிறேன், மாணவர் பகுதியில் யாரும் உட்காரமாட்டார்கள்.

அதன் வாசலில் ஓடும் சாலைக்கு நெய்ஸ்மித் டிரைவ் என்று பெயர். கூடைப்பந்தையே கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் அவர். கனடாவில் பிறந்தவர். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸில் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் வெளியே விடமுடியாத பையன்களை உள்ளேயே ஓடவைக்க வழி தேடி, இரண்டு பீச் பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டிப் பதின்மூன்று விதிகளை எழுதினார். 1898இல் லாரன்ஸுக்கு வேலைக்கு வந்தவர் கடைசிவரை இங்கேதான் இருந்தார், 1939இல் இங்கேயே இறந்தார், கல்லறையும் இங்கேதான். 1890இலேயே இந்த நாட்டுக்கு வந்துவிட்ட மனிதர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியது 1925இல். கிரீன் கார்டு வரிசையில் நின்று புலம்பும் நண்பர்களிடம் நான் இதைச் சொல்வது வழக்கம், யாரும் ரசிப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை, கேயூ அணிக்கு முதல் கோச்சும் அவர்தான், இதுவரை வந்த கோச்களிலேயே ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே ஆளும் அவர்தான். 55 வெற்றி, 60 தோல்வி. கண்டுபிடித்தவருக்கே இந்த நிலைமை என்றால் முதல் செமஸ்டரில் பி கிரேடு வாங்கி நீங்கள் இடிந்து உட்கார வேண்டியதில்லை. அந்தப் பதின்மூன்று விதிகளின் மூலப் பிரதி, தட்டச்சு செய்த இரண்டு தாள், 2010 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோது டேவிட் பூத் என்கிற பழைய மாணவர் 43 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தார். இப்போது ஃபீல்ட்ஹவுஸை ஒட்டிய டிப்ரூஸ் சென்டரில் வைத்திருக்கிறார்கள். வந்த முதல் வாரமே போய்ப் பாருங்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது என்கிற பேச்சே அதில் கிடையாது, பிடித்த இடத்திலிருந்து வீச வேண்டும், அவ்வளவுதான்.

நமக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதீர்கள். சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்தவர். நம் பள்ளிக்கூடங்களின் பி.டி. மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே பயிற்சி எடுத்தவர்கள்தான். என் பள்ளியிலும் இரண்டு கம்பமும் வலையில்லாத வளையமும் இருந்தன. அதெல்லாம் உயரமான பையன்களுக்கும் பி.டி. மாஸ்டரின் செல்லப்பிள்ளைகளுக்கும் என்பதால் நான் அந்தப் பக்கம் போனதில்லை.

சரி, என்னை உள்ளே இழுத்தது யார் என்று சொல்கிறேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டு கழுவும் வேலை எனக்கு. சூப்பர்வைசர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. இங்கே படித்துப் பின்னாளில் பெரிய நட்சத்திரமான வில்ட் சேம்பர்லைன் ஆடியதைச் சின்ன வயசில் இதே கட்டடத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர். நான் பாஸ் வாங்கவில்லை என்றதும் ஏதோ சாப்பிடவில்லை என்று சொன்ன மாதிரி பதறிப்போனார். டிசம்பரில் ஒருநாள் அவர் கணவருக்கு உடம்பு சரியில்லை, அந்த சீட்டில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். எதிரணி ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்யும்போது மாணவர்கள் எல்லாரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்து, படிக்கிற மாதிரி பாவனை செய்தார்கள். அப்புறம் அதே தாளைக் கிழிக்கிற சத்தம், ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் கிழிக்கிற சத்தம். நம் அணியை அறிவித்ததும் அத்தனையும் மேலே பறந்தது. தலையெல்லாம் காகிதம், பக்கத்துப் பையன்களின் விரலெல்லாம் அச்சு மை. அந்தம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு மாமியார் மாதிரி ஆட்டத்தைக் கவனித்தார். கூடை விழுந்தால் சந்தோஷமில்லை, எதிரணியின் ஃபவுலுக்காகத் தடுப்பார் இல்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ தவறினால் மட்டும் உச்சுக்கொட்டினார். "இதைப் போடத் தெரியாத அணி ஏப்ரலில் அழும்" என்றார்.

ஏப்ரலில் அழத்தான் செய்தோம். 2003 ஏப்ரல் 7, நியூ ஆர்லியன்ஸில் தேசியக் கல்லூரிக் கோப்பைக்கான இறுதிப்போட்டி, சிரக்யூஸிடம் 81-78 என்று தோற்றோம். மூன்று புள்ளி வித்தியாசம். நம்மாட்கள் கிடைத்த 30 ஃப்ரீ த்ரோவில் 12 மட்டும்தான் போட்டிருந்தார்கள். கடைசி நொடியில் மைக்கேல் லீ எறிந்த பந்தை ஹக்கீம் வாரிக் எங்கிருந்தோ பறந்து வந்து தட்டிவிட்டார். மறுநாள் மெஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை, தட்டு மட்டும் சத்தம் போட்டது. ஒரு வாரத்தில் கோச் ராய் வில்லியம்ஸ் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அந்தம்மா அவர் பெயரை அதன்பிறகு என் காதுபட உச்சரித்ததில்லை. கோச் ஒருவர் வேலை மாறினால் ஊரே துக்கம் கொண்டாடுமா என்று எனக்கு அப்போது ஆச்சரியம். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாஸை வாங்குங்கள், ஆனால் எச்சரிக்கைகள் இருக்கின்றன.

முதலாவது உடை. பெட்டியில் ஊதா நிறத்தில் சட்டை, ஸ்வெட்டர் எது இருந்தாலும் ஆட்ட நாளில் வெளியே எடுக்காதீர்கள். அது நம் எதிரியான கான்சஸ் ஸ்டேட் என்கிற இன்னொரு பல்கலைக்கழகத்தின் நிறம். அம்மா ஆசையாக ஊதா ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்திருந்தால் அதைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு மடித்து வையுங்கள். கறுப்பும் தங்கநிறமும் சேர்ந்தால் அதைவிட மோசம், அது பக்கத்து மாநிலமான மிசூரியின் பல்கலைக்கழகம். இந்தப் பகை வெறும் விளையாட்டுப் பகை கிடையாது. அடிமைமுறை வேண்டாம் என்று நின்ற ஊர் லாரன்ஸ். 1863 ஆகஸ்ட் 21 விடியற்காலையில் குவான்ட்ரில் என்பவன் மிசூரிப் பக்கமிருந்து படையோடு வந்து ஊரைக் கொளுத்தி, 150க்கும் மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் கொன்றான். அணியின் பெயரான ஜேஹாக் என்பதே அந்தக் காலத்து எல்லைச் சண்டைக்காரர்களுக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. 2012இல் மிசூரி வேறு லீகுக்குப் போகுமுன் ஃபீல்ட்ஹவுஸில் ஆடிய கடைசி ஆட்டத்தில், 19 புள்ளி பின்தங்கியிருந்து ஓவர்டைமில் 87-86 என்று ஜெயித்தோம். அன்றைக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் ஆபீஸில் சைகையில் பேசினேன்.

இரண்டாவது, காம்பிங். இதுதான் படிப்பைத் தின்னும். நல்ல இடம் வேண்டுமென்றால் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து பெயர் கொடுத்து, விடியற்காலையில் சீட்டுக் குலுக்கி, அப்புறம் ஆட்ட நாள் வரைக்கும் குழுவிலிருந்து ஒருவராவது ஃபீல்ட்ஹவுஸிலேயே மாற்றி மாற்றிக் காத்துக் கிடக்க வேண்டும். திடீரென்று பெயர் கூப்பிடுவார்கள், ஆளில்லை என்றால் வரிசையிலிருந்து குழு பெயரை அடித்துவிடுவார்கள். அங்கே உட்கார்ந்து அசைன்மென்ட் போடுபவர்களும் உண்டு. நம்மாட்கள் செய்கிற தவறு, வெள்ளைக்காரப் பையன்கள் நம்மைச் சேர்த்துக்கொண்டார்களே என்கிற சந்தோஷத்தில் எல்லா ஷிஃப்டையும் தானே ஏற்றுக்கொள்வது. அவனுக்கு சி கிரேடு வந்தால் அப்பா திட்டுவார். உங்களுக்கு அசிஸ்டன்ட்ஷிப் போகும், விசாவும் ஆட்டம் காணும். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட், அதற்குமேல் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, இரவு. எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய பத்தைத் தாண்டும். உள்ளே வியர்த்து நனைந்த சட்டையோடு வெளியே வந்தால் குன்றின்மேல் காற்று அறையும். பஸ் இருக்கிறதா என்று போகும்போதே பாருங்கள். தெர்மல் பேன்ட்டை ஜீன்ஸுக்குள் போட்டுக்கொண்டு போங்கள், ஸ்டைலெல்லாம் அப்புறம்.

நான்காவது, மரியாதை. ராக் சாக் கோஷம் என்று ஒன்று இருக்கிறது, 1886இல் ஒரு வேதியியல் பேராசிரியர் ஆரம்பித்தது. ஆட்டத்துக்கு முன்னால் ஒருமுறை, அப்புறம் வெற்றி உறுதியான பின்புதான். மெதுவாக, கோயில் பஜனையைவிட மெதுவாக, பதினைந்தாயிரம் பேருக்கு மேல் இழுத்துச் சொல்வார்கள். வெற்றி உறுதியாகுமுன்னே ஆர்வக்கோளாறில் நீங்கள் தொடங்கினீர்களென்றால் நாலு வரிசை திரும்பிப் பார்க்கும். எதிரணிக்காரர் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே போகும்போது எல்லாரும் இரண்டு கையையும் தூக்கிப் பக்கவாட்டில் அசைப்பார்கள், கோதுமை வயலில் காற்றடிக்கிற பாவனை. அதை மட்டும் தாராளமாகச் செய்யலாம்.

ஐந்தாவதாக ஒன்று, இது விளையாட்டில்லை. 2022 செப்டம்பரிலிருந்து கான்சஸில் ஸ்போர்ட்ஸ் பெட்டிங் சட்டப்படி செல்லும், எல்லாம் போனிலேயே. மார்ச்சில் தேசியக் கல்லூரி டோர்னமென்ட் வந்தால் உங்கள் ரூம்மேட் "கேயூ எப்படியும் ஜெயிக்கும்டா" என்பான். இரண்டாம் செமஸ்டர் ஃபீஸை அப்படி விட்ட ஒரு பையனுக்கு நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து காசு போட்டிருக்கிறோம். யார் ஜெயிப்பார்கள் என்று காசில்லாமல் சும்மா கணித்து எழுதுகிற தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், இந்த ஊர்க்காரர்களோடு பேச உங்களுக்கு வேறு வாசல் கிடையாது. வானிலை பற்றி ஒரு நிமிஷம் பேசலாம், அப்புறம்? நான் கான்சஸ் சிட்டியை ஒட்டிய ஓவர்லாண்ட் பார்க்கில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. இங்கே நம்மாட்களில் பாதிப் பேர் காலையில் ஐ.பி.எல்., வாரக்கடைசியில் பக்கத்து ஊரான ஷானியில் இருக்கும் கோயில், மாலையில் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக், அங்கேயும் சந்தைவிலை, வீட்டுவிலை, பிள்ளையின் ஸ்பெல்லிங் பீ. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் கேட்டால் "அந்த வெள்ளை பிக்கப் வண்டிக்காரர்" என்பார்கள். கேட்டால் "கான்சஸில் என்ன இருக்கிறது, வெறும் சோளக்காடு" என்று சலித்துக்கொண்டு டல்லாஸுக்கு மாறிவிடுவார்கள். அங்கேயும் அதே பாட்லக்தான். நான் ஏதோ பெரிய ஆள் என்று சொல்லவில்லை, ஆனால் ஆளுக்கொரு இடமாகப் பிரித்துக் காக்கும் ஸோன் டிஃபென்ஸை எப்படி உடைப்பது என்று என் மேனேஜரோடு அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன், ப்ரமோஷன் பேச்சு எடுக்க அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை.

எல்லாம் அன்புமயம் என்றும் நினைத்துக்கொண்டு வராதீர்கள். 1930களில் ஜான் மெக்லெண்டன் என்கிற கறுப்பின மாணவர் இங்கே படித்தார், நெய்ஸ்மித்திடமே பாடம் கேட்டார், ஆனால் அணியில் ஆட விடவில்லை, அது வெள்ளையருக்கு மட்டும். பின்னாளில் அவர் நாட்டின் பெரிய கோச்களில் ஒருவரானார். 1955இல் வில்ட் சேம்பர்லைன் வந்தபோதுகூடச் சுற்றுவட்டாரச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் கறுப்பர்களுக்குப் பரிமாறமாட்டார்கள். அவர் போய் உட்கார்ந்து, கொடுக்கிறவரை எழுந்திருக்க மாட்டாராம். நம் காலத்திலும் நடந்தது. 2017 பிப்ரவரி 13, வெஸ்ட் வர்ஜீனியாவோடு ஆட்டம், மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 14 புள்ளி பின்தங்கியிருந்து ஜெயித்தோம். அன்றுதான் உள்ளரங்கச் சத்தத்தில் 130.4 டெசிபல் என்று கின்னஸ் சாதனை பதிவானது. அதற்கு ஒன்பது நாள் கழித்து, இங்கே பக்கத்து ஊரான ஒலேத்தாவில் ஒரு பாரில் டிவியில் கேயூ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஹைதராபாத்துக்காரரான பொறியாளர் ஸ்ரீநிவாஸ் கூச்சிபொட்லாவை ஒருவன் "என் நாட்டைவிட்டுப் போ" என்று கத்திச் சுட்டுக் கொன்றான். தடுக்கப் பாய்ந்த உள்ளூர் இளைஞர் ஒருவரும் குண்டடி பட்டுப் பிழைத்தார். பல குடும்பங்கள் மாதக்கணக்கில் வெளியே போகவே பயந்தன, எங்கள் வீட்டிலும்தான். அடுத்த ஹோம் ஆட்டத்துக்கு நான் போனேன். பக்கத்து சீட்டுக் கிழவர் ஒன்றும் பேசவில்லை, பாப்கார்ன் வாங்கி என் மடியில் வைத்தார். எந்த இடத்தில் இருக்கிறோம், யார் எவ்வளவு குடித்திருக்கிறார்கள் என்று பார்த்து நடந்துகொள்ளுங்கள், ஆனால் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடாதீர்கள்.

பழைய அன்பு இப்போதைய ஆட்டத்தில் இருக்கிறதா என்றால் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. ஆட்டக்காரர்கள் விளம்பரக் காசு வாங்கலாம் என்று 2021இல் விதி மாறியது. அது நியாயம்தான், அவர்களை வைத்து எல்லாரும் சம்பாதித்தார்கள். ஆனால் வருஷா வருஷம் பாதி அணி வேறு காலேஜுக்குத் தாவுகிறது, பெயர் மனசில் பதியுமுன் ஆள் மாறிவிடுகிறான். 2003இல் வந்த கோச் பில் செல்ஃப் மட்டும்தான் பழகிய முகம். அவர் காலத்தில்தான் 2008 இறுதிப்போட்டியில் மரியோ சால்மர்ஸ் 2.1 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த மூன்று புள்ளியைப் போட்டு மெம்ஃபிஸோடு சமன் செய்தார், ஓவர்டைமில் கோப்பை வந்தது. மெம்ஃபிஸ் கோட்டைவிட்டது எதில் தெரியுமா, ஃப்ரீ த்ரோவில்! மெஸ் அம்மாவுக்குப் போன் போட்டேன், பின்னணியில் லாரன்ஸின் கடைவீதியான மாசசூசெட்ஸ் ஸ்ட்ரீட் முழுக்க ஊளை, அவர் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. 2022 இறுதிப்போட்டியில் நார்த் கரோலினாவிடம் பாதி ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கியிருந்து 72-69 என்று ஜெயித்தபோது போன் போட அவர் இல்லை. நார்த் கரோலினா என்று சொன்னால் போதும், அவர் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் எதற்குப் போவது என்று கேட்பீர்கள். அக்டோபரில் லேட் நைட் இன் தி ஃபாக் என்று சீசன் தொடக்க நிகழ்ச்சி நடக்கும், உள்ளே போகக் காசு கிடையாது, கூட்டம் மட்டும் எக்கச்சக்கம், சாப்பிட்டுவிட்டுப் போய் வரிசையில் நில்லுங்கள். நவம்பரில் பெயர் தெரியாத சின்ன காலேஜ்கள் வந்து உதை வாங்கிப் போகும், காம்ப் போடாமலே ஓரளவு நல்ல இடம் கிடைக்கும். இரண்டு மணி நேரம் நின்று பழக அதுதான் சரி. எந்த ஃபவுல் எதற்கு என்று புரியவில்லை என்றால் பக்கத்தில் கேளுங்கள், இந்த ஊரில் அதைக் கேட்டுக் கோபப்பட்டவரை நான் பார்த்ததில்லை, நிறுத்தத்தான் முடியாது. கான்சஸ் ஸ்டேட் வரும் அன்றைக்கு மட்டும் என்னிடம் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்காதீர்கள் தம்பி, என் மகளே மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.